சூரியன் வருவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால்

பயணத்தில் உதயம் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு ஒன்றுதான். செயலியில் ‘உதயம் 6.35’ என்று பார்த்துவிட்டு 6.30-க்குக் கடற்கரைக்கு வருவது. அந்த 6.35 என்பது சூரியனின் மேல்விளிம்பு அடிவானத்துக்கு மேலே தலைகாட்டும் கணம், அவ்வளவே. வானத்தில் நடக்க வேண்டிய பெரும்பகுதி அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். பத்து நிமிடம் பிந்தி வந்தவர்கள் மஞ்சள் பந்து ஒன்றைப் போனில் பிடித்துக்கொண்டு, ‘இன்னைக்கு அவ்வளவா நல்லா இல்ல’ என்று திரும்பிவிடுகிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். இரவு முழுக்கப் பயணம் செய்து வந்து, நல்ல பகுதியை அறையில் தூங்கிக் கழித்திருக்கிறார்களே!

சூரியன் ஒரு மணி நேரத்துக்கு 15 பாகை (டிகிரி) நகர்கிறது, அதாவது ஒரு பாகைக்கு 4 நிமிடம். தமிழ்நாடு, கேரளம், இலங்கை எல்லாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால், சூரியன் இங்கே சாய்வாக ஊர்ந்து வராமல் ஏறக்குறைய செங்குத்தாக எழும்புகிறது. அடிவானத்துக்குக் கீழே 18 பாகையில் இருக்கும்போதே கிழக்கு லேசாக வெளுக்கத் தொடங்கும். நம் ஊரில் அது உதயத்துக்குச் சுமார் 70 நிமிடம் முன்பு. தெருவிளக்கு எட்டாத இடத்தில் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். 12 பாகைக்கு வரும்போது, ஏறக்குறைய 45 நிமிடம் முன்பு, கடலுக்கும் வானத்துக்கும் நடுவே கோடு தெரியும். நட்சத்திரத்தை வைத்து இடம் கணித்த மாலுமிகளுக்கு இந்த நேரம்தான் முக்கியம். நட்சத்திரமும் அடிவானமும் ஒருசேர நன்றாகத் தெரிவது இப்படிப்பட்ட அரைவெளிச்சத்தில்தான். 6 பாகை, அதாவது 22 நிமிடம் முன்பு என்றால், எதிரே நிற்பவரின் முகம் தெளிவாகத் தெரியும்.

அந்தக் கடைசி 6 பாகையைக் கடக்க லண்டனில் அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும், ஜூனில் முக்கால் மணி வரைகூட. இணையத்தில் கிடைக்கும் ஒளிப்படக் குறிப்புகளில் பல அந்த ஊர்களில் இருந்துகொண்டு எழுதப்பட்டவை. ‘பொன்னொளி ஒரு மணி நேரம்’ என்று அவற்றை நம்பி இங்கே வந்தால் ஏமாற்றம்தான். சூரியன் 6 பாகை ஏறிய பிறகு வெளிச்சத்தில் மஞ்சள் போய்விடும். நமக்கு அது உதயமான 25 நிமிடத்திலேயே நடந்துவிடும். முன்னால் 45, பின்னால் 25, ஆக மொத்தம் 70 நிமிடம். இதில் பாதியைத் தவறவிட்டால் ஈடுகட்ட வழியே இல்லை.

நிறங்கள் வரும் வரிசை தெரிந்திருந்தால் பார்ப்பது வேறு மாதிரி இருக்கும். உதயத்துக்கு 40 நிமிடம் முன்பு, அடிவானத்தை ஒட்டி மட்டும் ஒரு செம்பட்டை, அதற்கு மேலே வெளிர்பச்சை, அதற்கும் மேலே அடர்நீலம். விடிவெள்ளி இருக்கும் மாதங்களில் அந்த நீலத்தில் தனியாக நிற்கும். பிறகு மேகங்களின் முறை. எல்லா மேகமும் ஒரே நேரத்தில் சிவப்பதில்லை. மிக உயரத்தில் இறகுபோலச் சிதறிக் கிடக்கும் கீற்று மேகங்களுக்குச் சூரியன் முதலில் தெரியும், ஆகவே அவைதான் முதலில் சிவக்கும். பிறகு நடு உயரத்தில் இருப்பவை, கடைசியில் தாழ்ந்த மேகங்கள். நல்ல நாளில் இந்தச் சிவப்பு உச்சத்துக்கு வருவது உதயத்துக்கு 20 நிமிடத்திலிருந்து 10 நிமிடம் முன்பு. சூரியன் வெளியே வரும்போது மேல்மேகங்கள் வெளிறிப்போய் வெள்ளையாகிவிட்டிருக்கும்.

அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு முறையாவது கிழக்குக்கு முதுகைக் காட்டித் திரும்பி மேற்கைப் பாருங்கள். அடிவானத்தை ஒட்டிச் சாம்பல் கலந்த கருநீலத்தில் ஒரு பட்டை, அதன் மேல் இளஞ்சிவப்பில் இன்னொரு பட்டை தெரியும். கீழே இருக்கும் கருநீலம் மேகமோ புகையோ அல்ல, பூமியின் நிழல். காற்றுமண்டலத்தின் மேல் விழுந்திருக்கிறது. சூரியன் நெருங்க நெருங்க அந்த நிழல் கீழே இறங்கும், இளஞ்சிவப்பும் கூடவே இறங்கும். உதயமாகும்போது இரண்டும் அடிவானத்துக்குள் போய்விடும். மேகமில்லாத எந்த விடியலிலும் மொட்டைமாடியிலிருந்துகூட இதைப் பார்க்கலாம். கடற்கரையில் நூறு பேர் நின்றால் தொண்ணூற்றொன்பது பேர் இதைப் பார்ப்பதில்லை.

சூரிய வட்டம் முழுவதும் வெளியே வர இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். கடல் அடிவானம் துல்லியமாக, மூட்டமே இல்லாமல் இருந்தால், மேல்விளிம்பு எட்டிப்பார்க்கும் முதல் ஓரிரு நொடி பச்சையாகத் தெரிவதும் உண்டு. அதைப் பார்க்க, எந்தப் புள்ளியில் வரும் என்று முன்கூட்டியே தெரிந்து அங்கேயே கண்ணை வைத்திருக்க வேண்டும். ஆனால் வட்டம் முழுதாக வந்து கண் கூசத் தொடங்கியதும் பார்வையை எடுத்துவிடுங்கள். பைனாகுலரிலோ, கண்வைத்துப் பார்க்கும் கேமராவில் நீள லென்ஸ் மாட்டியோ ஏறிவிட்ட சூரியனைப் பார்க்கவே கூடாது.

அடுத்தது திசை. சூரியன் சரியாகக் கிழக்கில் உதிப்பது மார்ச் 20, செப்டம்பர் 22 வாக்கில் மட்டும். ஜூனில் கிழக்கிலிருந்து வடக்காக 24 பாகை தள்ளியும், டிசம்பரில் தெற்காக அதே 24 பாகை தள்ளியும் உதிக்கும். கையை முழுக்க நீட்டி விரல்களை மடக்கி முட்டியாகப் பிடித்தால் முட்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. அப்படியானால் இரண்டரை முட்டி. முதல்நாள் மாலையே போனில் உள்ள திசைகாட்டியை வைத்துக் கிழக்கைப் பிடித்து, மாதத்துக்கு ஏற்ப இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ முட்டியால் அளந்தால் நாளைக்கு எங்கே வரும் என்று தெரிந்துவிடும்.

கன்னியாகுமரியில் இது மிகவும் உதவும். விவேகானந்தர் பாறையும் 133 அடி வள்ளுவர் சிலையும் கரையிலிருந்து சில நூறு மீட்டர் தூரத்தில்தான் இருக்கின்றன. பாறை 400 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், கரையோரமாக 100 மீட்டர் நடந்தாலே அது வானத்தின் எதிரில் 14 பாகை நகர்ந்துவிடும். அதாவது சூரியனைச் சிலைக்குப் பின்னால் வைப்பதும் இரண்டுக்கும் நடுவில் வைப்பதும் நாம் எங்கே நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது. இருட்டில் வந்து கூட்டத்தோடு முட்டி மோதி இடம் தேடுவதைவிட, மாலையில் ஒரு நடை நடந்து இடத்தைக் குறித்துவைப்பது நல்லது. பாறைக்குப் படகில் போய் உதயம் பார்க்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். முடியாது, படகுச் சேவை தொடங்குவதே உதயத்துக்குப் பிறகுதான். கரைப்பாறைகளில் பாசி வழுக்கும், அங்கே அலை சொல்லாமல் ஏறி வரும். படம் எடுக்கக் கீழே இறங்க வேண்டாம்.

அங்கே உதய நேரம் ஜூன் தொடக்கத்தில் 6.00, ஜனவரிக் கடைசியில் 6.40. டிசம்பர் 21-க்குப் பிறகு பொழுது முன்னதாக விடியும் என்று பலரும் நினைக்கிறார்கள். பகல் நீள்வது உண்மைதான். ஆனால் சூரியன் உச்சிக்கு வரும் நேரமே அந்த வாரங்களில் தள்ளிப்போவதால், தென்கோடியில் உதயம் ஜனவரிக் கடைசி வரை பிந்திக்கொண்டே இருக்கும். சென்னையில் இதே வேறுபாடு 5.40-லிருந்து 6.35 வரை. ஜூனில் டார்ஜிலிங் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே உதயம் 4.45-க்கு முன்னால். நம் ஊர்ப் பழக்கத்தில் ஐந்தரைக்கு எழுந்தால் சூரியன் நன்றாக ஏறியிருக்கும்.

சித்திரை, வைகாசிப் பௌர்ணமியை ஒட்டிக் குமரியில் இருந்தால், விடியலில் இன்னொன்றும் கிடைக்கும். முழுநிலவு எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் என்பதால், கிழக்கே சூரியன் எழும் நேரத்தை ஒட்டி மேற்கே அது இறங்கும். கோடையில் அதன் பாதை தெற்கே சாய்ந்திருப்பதால், தென்மேற்குக் கடலை நோக்கி இறங்குவதைப் பார்க்கலாம். தை மாதப் பௌர்ணமியில் நிலவு வடமேற்கே சாய்ந்து, நிலத்தின் பக்கம் போய்விடும்.

தனுஷ்கோடியில் பிரச்சினை சோதனைச் சாவடி. அரிச்சல்முனைக்குப் போகும் சாலையில் வாகனங்களை விடும் நேரம் அவ்வப்போது மாறும். ராமேஸ்வரத்தில் இறங்கியதும் ஆட்டோக்காரர் இருவரிடமாவது தனித்தனியாகக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். சாவடி திறக்கும் நேரத்துக்கும் உதயத்துக்கும் நடுவே அரைமணிகூட இல்லையென்றால் முனைக்கு ஆசைப்படாமல் அக்னி தீர்த்தக் கரையிலேயே நின்றுவிடுவது மேல். அதுவும் கிழக்குப் பார்த்த கரைதான். முனைக்குப் போக முடிந்தால், டிசம்பர், ஜனவரியில் சூரியன் ஏறக்குறைய நிலமுனைக்கு நேர் எதிரே உதிக்கும், ஜூனில் இடப்பக்கம் பெண்கடல் மேல். பெண்கடல் என்று மீனவர்கள் சொல்லும் பாக் நீரிணைப் பக்கம் அலை அடங்கி இருக்கும் நாட்களில் நிறம் முழுக்கத் தண்ணீரிலும் விழும். மன்னார் வளைகுடாப் பக்கம், அதாவது ஆண்கடலில், இந்தப் பிரதிபலிப்பு கிடைப்பது அரிது.

மலையில் கணக்கு வேறு. செயலிகள் பெரும்பாலும் தட்டையான அடிவானத்தை வைத்துத்தான் நேரம் சொல்கின்றன. உங்களுக்குக் கிழக்கே ஒரு மலைமுகடு இருந்தால் அதன் உயரத்தை முட்டியால் அளங்கள். ஒரு முட்டி உயரம் என்றால் சூரியன் 40 நிமிடம் பிந்தும், அரை முட்டி என்றால் 20 நிமிடம். கொடைக்கானலிலும் ஊட்டியிலும் பள்ளத்தில் அறை எடுத்தவர்களுக்கு உதயமே இல்லாமல் போவது இதனால்தான். மாறாக, கிழக்கே தடையின்றிச் சமவெளி விரிந்துகிடக்கும் உச்சியில் நின்றால் சூரியன் முன்னதாகவே வரும். 1,000 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 4 நிமிடம்.

கொழுக்குமலை அப்படிப்பட்ட இடம். தேனி மாவட்டத்தில், சுமார் 7,900 அடி உயரத்தில் இருக்கிறது. ஆனால் வண்டிப் பாதை கேரளத்தின் சூரியநெல்லி வழியாக. அங்கிருந்து ஜீப்பில் மட்டுமே போக முடியும். தூரம் குறைவுதான், பாதை கல்லும் குழியுமாக இருப்பதால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஜீப்புகள் நாலு மணிவாக்கில் புறப்படும். மூணாறில் தங்கினால் மூன்று மணிக்கு முன்பே கிளம்ப வேண்டும் என்பதால், சூரியநெல்லிப் பக்கமே தங்குவது நல்லது. முதல்நாள் மாலையே ஜீப் பேசி, ஓட்டுநர் எண்ணை வாங்கி, எங்கே வந்து ஏற்றிக்கொள்வார் என்பதையும் முடிவு செய்துவிடுங்கள். முதுகுவலி, கழுத்துவலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்தப் பயணத்தைத் தவிர்க்க வேண்டும். வாந்தி வரும் உடம்பு என்றால் வெறும் வயிற்றில் போகாமல் இரண்டு பிஸ்கட்டாவது சாப்பிட்டுவிட்டு முன்சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

அங்கே பார்க்கப் போவது மேகக் கடல். அது எப்போது அமையும் என்று ஓரளவு ஊகிக்கலாம். இரவு வானம் தெளிந்து காற்று அடங்கியிருந்தால், குளிர்ந்த காற்று கனமாகிப் பள்ளத்தாக்கில் இறங்கித் தேங்கும். ஈரப்பதம் போதுமான அளவு இருந்தால் அங்கேயே மூடுபனியாகும். மேலே நிற்பவருக்கு அது கடல், கீழே இருப்பவருக்கு வெறும் வெண்புகை. வெயில் ஏறி ஓரிரு மணி நேரத்தில் கலைந்துவிடும். மாறாக இரவெல்லாம் காற்று வீசியிருந்தால் மேகம் உச்சியிலேயே மோதிக்கொண்டிருக்கும், பக்கத்தில் நிற்பவரே தெரியமாட்டார். அப்படியானாலும் உடனே இறங்கிவிடாமல் வெயில் வந்து முக்கால் மணி நேரமாவது காத்திருங்கள். இரண்டு மூன்று நிமிடத்துக்குத் திரை விலகி மூடுவது மலையில் சகஜம்.

குளிர் விஷயத்தில் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு நாளின் மிகக் குளிர்ந்த நேரம் நள்ளிரவு அல்ல, உதயமான சில நிமிடங்கள் வரை உள்ள நேரம். தரை இரவெல்லாம் வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும். வரும் வெயில் அந்த இழப்பைத் தாண்டும்வரை குளிர் கூடிக்கொண்டேதான் போகும். நாலு மணிக்கு ஜீப்பில் ஏறும்போது ‘பரவாயில்லை’ என்று தோன்றும் ஸ்வெட்டர் 6.30-க்குப் போதாது. காதையும் கையையும் மூட ஏதாவது வேண்டும்.

ஏறிப்போகும் மலையில் இது இன்னும் முக்கியம். இலங்கையின் சிவனொளிபாதமலை 2,243 மீட்டர். நல்லதண்ணி வழியில் 5,000-க்கு மேற்பட்ட படிகள், சாதாரண நடையில் மூன்று முதல் நான்கு மணி நேரம். யாத்திரைப் பருவம் டிசம்பர்ப் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமி வரை. அந்த மாதங்களில் வழியெல்லாம் விளக்கும் தேநீர்க் கடையும் உண்டு, மற்ற மாதங்களில் இரண்டும் இருக்காது. இரண்டு மணிக்கு ஏறத் தொடங்குவது பொதுவான கணக்கு. பௌர்ணமி நாளிலும் வார இறுதியிலும் மேல்படிகளில் வரிசை நகராது என்பதால் அது போதாது, முடிந்தால் வார நாளில் போங்கள். கூட்டமில்லாத நாளில் நேர்எதிரான தவறு நடக்கும். வேகமாக ஏறி நாலரைக்கே உச்சிக்குப் போய்விட்டால் வேர்வையில் நனைந்த சட்டையோடு காற்றில் ஒன்றரை மணி நேரம் நடுங்க வேண்டியிருக்கும். கடைசித் தேநீர்க் கடைகளில் உட்கார்ந்து நேரத்தைக் கழித்துவிட்டு, உதயத்துக்கு 45 நிமிடம் இருக்கும்போது மேலே போய்ச் சேருங்கள். மாற்றுச் சட்டை ஒன்றும் காய்ந்த காலுறை இரண்டு சோடியும் பையில் இருக்கட்டும். உச்சியில் செருப்பைக் கழற்ற வேண்டும், தரை சில்லிட்டிருக்கும்.

அங்கே சூரியன் வந்ததும் எல்லோரும் கிழக்கேயே நிற்பார்கள். மேற்குப் பக்கச் சுவருக்குப் போய்விடுங்கள். மலையின் நிழல் கீழே மூட்டத்தின் மேல் கச்சிதமான முக்கோணமாக விழுந்திருக்கும். மலை கூம்பாக இருப்பதால்தான் நிழலும் கூம்பு என்று சொல்வார்கள். அது மட்டும் காரணமில்லை. பல கிலோமீட்டர் நீளும் நிழல் தூரம் போகப் போகக் கண்ணுக்குக் குறுகித் தெரிவதால், எந்த மலையின் நிழலும் உச்சியிலிருந்து பார்த்தால் ஒரு புள்ளியில்தான் முடியும். சூரியன் ஏற ஏற நிழல் சுருங்கி மலையடியை நோக்கி வரும். முதல் கால்மணி நேரம்தான் நன்றாக இருக்கும்.

டார்ஜிலிங் டைகர் ஹில்லிலும் இதே கதைதான். சூரியன் வருவது கிழக்கே, 8,586 மீட்டர் காஞ்சன்ஜங்கா இருப்பது வடக்குக்குச் சற்று மேற்கே. அந்த உயரத்துக்கு வெயில் பத்து நிமிடம் போல முன்னதாகவே எட்டிவிடும். முதலில் உச்சிமுனை மட்டும் ரோஜாநிறமாகும், பிறகு நிறம் கீழே இறங்கும். அப்போது கிழக்கைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவ்வளவு தூரம் போனதற்கே அர்த்தமில்லை.

வானிலையைப் பற்றிச் சுருக்கமாக. துடைத்துவிட்டாற்போன்ற வானம் உதயத்துக்குச் சிறந்ததல்ல. நிறத்தை வாங்கிக்கொள்ள மேலே மேகம் வேண்டும், கீழே அடிவானம் திறந்திருக்க வேண்டும். தூசியும் புகையும் சிவப்பைக் கூட்டும் என்று சொல்வதுண்டு, உண்மையில் அவை நிறத்தை மங்கடிக்கின்றன. முந்தைய நாள் மழை பெய்து காற்று கழுவப்பட்ட விடியலில்தான் நிறம் தெளிவாக வரும். தென்கோடிக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். வடகிழக்குப் பருவத்தில் கடல் அடிவானத்தில் ஒரு மேகச் சுவர் நிற்கும். அது இரண்டு முட்டி உயரம் இருந்தாலும் அதற்கு முந்தைய சிவப்பு கிடைக்க வாய்ப்பு உண்டு.

படம் எடுக்கிறவர்களுக்கு இரண்டே செய்தி. ஏசி அறையிலிருந்து நேராகக் கடற்கரைக்குக் கொண்டுவந்த லென்ஸில் உடனே ஆவி படியும், துடைத்தாலும் திரும்பப் படியும். புறப்படுவதற்கு அரைமணி முன்பு பையோடு ஏசி இல்லாத இடத்தில், பால்கனியிலோ குளியலறையிலோ, வைத்துவிடுங்கள். போனில் எடுத்தால், சூரியனுக்குப் பக்கத்து வானத்தைத் தொட்டு அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டி, பிறகு கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் போன் முன்னால் இருக்கும் இருட்டை வெளிச்சமாக்கப் பார்த்து வானத்தின் நிறத்தையெல்லாம் வெளுத்துவிடும்.

இனி, பலரும் கோட்டைவிடும் சின்ன ஏற்பாடுகள். லாட்ஜ் கேட்டை இரவில் பூட்டிவிடுவார்கள். ‘காலையில் அஞ்சு மணிக்குக் கேட் திறக்கணும்ண்ணே’ என்று வாட்ச்மேனிடம் படுக்கப் போகும் முன் சொல்லிவையுங்கள். ஆட்டோவையும் அப்போதே பேசிவிட வேண்டும். விடியற்காலையில் கடற்கரைக் கழிப்பறைகள் பூட்டியிருக்கலாம், ஆகவே அறையிலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள். தேநீர் பற்றிக் கவலை வேண்டாம், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நாலு மணிக்கே பால் கொதித்துக்கொண்டிருக்கும். இருட்டில் நடக்கக் கைவிளக்கு தேவை, ஆனால் கடற்கரையில் நின்றபிறகு அணைத்துவிடுங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது ஆகும், ஒரு போன் வெளிச்சம் அதைக் கெடுத்துவிடும்.

சொந்த வண்டியில் போகிறவர்கள் இரவெல்லாம் ஓட்டி உதயத்துக்குச் சேர்வது என்ற திட்டத்தைக் கைவிட வேண்டும். இரண்டிலிருந்து ஐந்து மணிவரைதான் தூக்கம் கண்ணை அமுக்கும் நேரம். முதல்நாளே ஊர் சேர்ந்து ஒன்பது மணிக்குப் படுத்துவிடுங்கள். காட்டு வழி என்றால் நேரக்கட்டுப்பாடும் உண்டு. முதுமலை தாண்டி மைசூர் போகும் சாலை பந்திப்பூரில் இரவு 9 முதல் காலை 6 வரை அடைத்திருக்கும். அந்தப் பக்கம் உதயம் பார்க்க வேண்டுமானால் இரவே தங்கும் இடத்துக்குப் போயிருக்க வேண்டும்.

எங்கும் இறங்காமல், ரயிலிலிருந்தே பார்க்க நினைப்பவர்களுக்கு ஜன்னல் பக்கம்தான் எல்லாம். சென்னையிலிருந்து தெற்கே வரும்போது கிழக்கு உங்கள் இடக்கைப் பக்கம், திரும்பிப் போகும்போது வலக்கைப் பக்கம். பயணத் திசையைப் பார்த்து உட்கார்ந்த கணக்கு இது. ஏசி பெட்டியின் கண்ணாடி நிறம் பூசியது, அழுக்கும் படிந்திருக்கும். இரண்டாம் வகுப்புத் தூங்கும் பெட்டியில் ஜன்னலைத் தூக்கிவிட்டால் காற்றோடு பார்க்கலாம். விருதுநகரைத் தாண்டிய வெட்டவெளியும் பனைமரங்களும், நாகர்கோவில் வண்டி என்றால் ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றாலைகளும் இதற்கு ஏற்றவை. மண்டபத்திலிருந்து பாம்பன் பாலத்தில் ஏறும் வண்டி ஏறக்குறைய சூரியனை நோக்கியே போகும். டிசம்பரில் வலப்பக்க ஜன்னல், ஜூனில் இடப்பக்க ஜன்னல். படிக்கட்டில் தொங்க வேண்டாம், பாலத்தில் கடல்காற்று பலமாக வீசும்.